நாலாவது ஓட்டை

பழைய மோட்டார் சைக்கிள் ஒரு குட்டி லாரியில் வந்து இறங்கியதைப் பார்த்ததுமே வால்வுக்கு மனசு கசந்துபோனது.

எட்டு மாதம் பட்டறையில் கிடந்த வண்டி அது. முப்பது வருஷத்தில் எத்தனையோ தடவை அந்தப் பட்டறைக்குப் போய்த் திரும்பியிருக்கிறது. ஒரு தடவைகூட லாரி ஏறி வந்ததில்லை. பட்டறைக்காரர் அவர் மனைவியின் அண்ணன்; அந்த மச்சானேதான் ஓட்டிக்கொண்டு வருவார். வாசலில் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல், "கேளுங்க மாப்பிள்ளை, எங்கயாவது பிசிறு இருக்கா?" என்பார். பிசிறு இருக்காது. அப்புறம் உள்ளே போய்த் தங்கச்சி போட்டுக்கொடுக்கும் டீயைக் குடித்துவிட்டு, பஸ் பிடித்துப் போவார்.

இப்போது லாரிக்காரர் சாவியை நீட்டினார். "மெக்கானிக் குடுக்கச் சொன்னாருங்க."

"வேற ஏதாவது சொன்னாரா?"

"ஆயில் ஊத்தியாச்சுன்னு சொன்னாரு. வேற ஒண்ணும் சொல்லலை."

தங்கச்சி இருந்தவரைக்கும்தான் வீடு, மாப்பிள்ளை, டீ எல்லாம். அவள் போனதும் நான் யாரோ, அவர் யாரோ. அப்படித்தான் நினைத்துக்கொண்டார் வால்வு. நினைத்ததைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லாததால் அது உள்ளேயே தங்கி ஊறியது.

வால்வு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் ஸ்டேஷனில் இருபத்தெட்டு வருஷமாக ஆபரேட்டர். எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு எந்த வால்வை எத்தனை சுற்று திறக்க வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே யாரோ "வால்வு" என்று கூப்பிட, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. சம்பளப் பட்டியலில்தான் சொந்தப் பெயர் இருக்கிறது. மோட்டார் ரூமுக்குப் பின்னால் இரண்டு அறை குவார்ட்டர்ஸ். மோட்டார் ஓடும்போது தரை லேசாக நடுங்கும், அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு அங்கே தூக்கம் பிடிக்காது. வால்வுக்கோ மோட்டார் நின்றால்தான் விழிப்பு வரும்.

மனைவி இறந்து மூன்று வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. காலை ஷிப்ட் என்றால் ஆறு மணியிலிருந்து இரண்டு மணி வரை. மிச்ச நேரத்தை என்ன செய்வது என்பதுதான் பெரிய பாடு. சில நாள் காலையில் வேலைக்கு வந்த குமாஸ்தாவிடம் "வாங்க" என்று சொல்லும்போதுதான், முந்தைய நாள் மத்தியானத்திலிருந்து வாயே திறக்கவில்லை என்பது அவருக்கு உறைக்கும். குரல் கரகரத்துக்கொண்டு வரும். அந்தக் குமாஸ்தாவும் நல்ல மனுஷர்தான். ஆனால் காது முழுக்க ரேடியோவுக்குக் கொடுத்தவர்.

அந்த வண்டிக்கும் அவருக்கும் ஆன உறவு இருபத்திரண்டு வயதில் தொடங்கியது. அவர் பிறப்பதற்கு முன்னால் செய்த வண்டி, ஒற்றைச் சிலிண்டர், இரும்புக் குதிரை மாதிரி கனம். வாங்கிய மூன்றாம் நாளே நடுத்தெருவில் நின்றுவிட்டது. வேர்க்க விறுவிறுக்கத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்த இடம்தான் அரைநூல் பட்டறை.

நூல் என்பது பட்டறைக் கணக்கில் ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அந்த மெக்கானிக் எதைப் பார்த்தாலும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "அரை நூல் தள்ளி இருக்கு" என்பார். அளந்து பார்த்தால் அரை நூல் தள்ளித்தான் இருக்கும். சக்கரத்தைச் சொல்வார், சங்கிலியைச் சொல்வார், எதிர்க்கடை போர்டைக்கூட விட்டுவைத்ததில்லை. எதிர்க்கடைக்காரர் எரிச்சலில் ஏணி வைத்து ஏறி அளந்து பார்த்துவிட்டு, பேசாமல் இறங்கிப் போனதாகக் கதை உண்டு.

பட்டறை மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து மெக்கானிக்கின் தங்கை பாடப்புத்தகம் படித்துக்கொண்டிருப்பாள். நாலாவது முறையாக வண்டியைத் தள்ளிக்கொண்டு போனபோது அவள் தலை நிமிர்ந்து, "இதுக்கு நீங்க ஒரு சைக்கிள் வாங்கியிருக்கலாம். தள்ளுறதுக்கு லேசா இருக்கும்" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே வண்டி இன்னும் பலமுறை பழுதானது. பழுதில்லாத நாளிலும் பழுதானது. அரைநூலுக்கு விஷயம் புரிய ஆறு மாதம் பிடித்தது. கல்யாணம் வரைக்கும் "வாடா, போடா" என்று பேசிக்கொண்டிருந்தவர், மறுநாளிலிருந்து "வாங்க மாப்பிள்ளை" என்று மாறிவிட்டார். "அண்ணே" மச்சான் ஆனார்.

அவள் போன பிறகு வண்டி இரண்டு வருஷத்துக்கும் மேலாகத் தார்ப்பாய்க்குள் கிடந்தது. பின் சீட்டைப் பார்க்கும்போதெல்லாம் என்னவோ போல இருக்கும் என்பதால் அவர் அந்தப் பக்கமே போவதில்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் ஒருநாள், என்ன தோன்றியதோ, வாடகை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். எஞ்சினை முழுக்கப் பிரித்துச் சரிசெய்யச் சொல்லலாம். அந்தச் சாக்கில் மச்சானோடு நாலு வார்த்தை பேசலாம். பட்டறை வாசலில் போய் நின்றார். உள்ளே உட்கார்ந்திருந்த மச்சான் நேராக இவர் முகத்தைப் பார்த்து, "யாரு?" என்றார்.

யாரு! முப்பது வருஷப் பழக்கத்துக்கு ஒரு "யாரு".

"நான்தான் மச்சான்."

"அட, மாப்பிள்ளையா! வாங்க வாங்க." அதற்குப் பிறகு என்ன உபசாரம் செய்தாலும் அந்த "யாரு" முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. பத்து நாளில் முடிகிற வேலை எட்டு மாதம் இழுத்தது. போன் செய்தால், "ஆகுது மாப்பிள்ளை, சாமான் வரணும்" என்பார். இப்போது லாரியில் அனுப்பிவிட்டார்.

இருந்தாலும் வண்டி வண்டிதானே. அன்று மத்தியானம் ஷிப்ட் முடிந்ததும் கிக்கரை மிதித்தார். ஐந்தாவது மிதியில் எஞ்சின் உயிர் பெற்றது. பழைய சத்தம். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்தது. ஆனாலும் பழக்கம் கையை விடவில்லை. குனிந்து ஆயில் டேங்க்கின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார்.

இந்த மாதிரிப் பழைய எஞ்சின்களில் ஆயிலுக்குத் தனியாக ஒரு டேங்க் உண்டு. ஒரு சின்ன பம்ப், அதற்கு இரண்டு வாய். ஒரு வாய் டேங்க்கிலிருந்து ஆயிலை எஞ்சினுக்குள் தள்ளும். எஞ்சின் முழுக்கச் சுற்றி அடியில் வடிகிற ஆயிலை மறு வாய் உறிஞ்சி மறுபடி டேங்க்குக்கே அனுப்பும். மூடியைத் திறந்தால் ஒரு சின்னக் குழாய் நுனியில் ஆயில் துப்பித் துப்பி விழுவது தெரியும். அது தெரிந்தால் எஞ்சினுக்கு ஆயுசு கெட்டி.

குழாய் நுனி காய்ந்து கிடந்தது.

கொஞ்சம் பொறுத்தார். முதல் ஓட்டம், காற்று அடைத்திருக்கலாம். ஒரு நிமிஷம். ஒன்றரை. டேங்க்கில் ஆயில் மட்டம் மெல்ல இறங்குவது கண்ணுக்கே தெரிந்தது. சைலன்சரிலிருந்து நீலப் புகை கிளம்பி வாசல் முழுக்கப் பரவியது. சட்டென்று அணைத்தார்.

போகிறது, திரும்பவில்லை.

அடியில் ஆயிலை வடிக்கிற போல்ட்டைக் கழற்றினார். உள்ளங்கை அளவு வடிய வேண்டிய இடத்தில், சட்டி நிறைய ஆயில் கொட்டியது. எஞ்சினின் வயிறு ரொம்பி மூச்சு முட்டிப்போயிருந்திருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தால் டேங்க் காலி; அப்புறம் ஆயில் இல்லாமல் உலோகமும் உலோகமும் கடித்துக்கொண்டு மொத்தமும் போயிருக்கும்.

கோபம் தலைக்கேறியது. போனைக் கையில் எடுத்தார். பிறகு வைத்துவிட்டார். போன் செய்தால் "அனுப்பி வைங்க, பார்க்கிறேன்" என்பார். இன்னொரு எட்டு மாதம். நானே பார்க்கிறேன். ஒரு ஊருக்கே தண்ணீர் ஏற்றுகிறவனுக்கு ஒரு டம்ளர் அளவு பம்ப் தெரியாதா?

தண்ணீர் வரவில்லை என்று புகார் வந்தால் வால்வு மோட்டாரிலிருந்து தொடங்க மாட்டார். வறண்ட குழாயடியிலிருந்து பின்னோக்கி நடப்பார். இதிலும் அதையே செய்தார். முதலில் டேங்க்குக்குத் திரும்பி வரும் ரப்பர் குழாயைக் கழற்றி வாய் வைத்து ஊதினார். காற்று தாராளமாகப் போனது. உதட்டில் கசப்புதான் மிச்சம். மறுநாள் அடியில் இருந்த வலைச் சல்லடையைக் கழற்றிப் பார்த்தார். துடைத்து வைத்த கண்ணாடி போல இருந்தது. பம்ப் சுற்றவில்லையோ? ஆனால் இரண்டு வாய்க்கும் தண்டு ஒன்றுதான். போகிற வாய் வேலை செய்கிறது என்றால் தண்டு சுற்றத்தானே செய்கிறது.

மூன்றாம் நாள் பம்ப்பையே கழற்றினார். பம்ப்புக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒட்டியிருந்த பேக்கிங்கைப் பதமாக உரித்து ஓரமாகச் செய்தித்தாள் மேல் வைத்தார். பேக்கிங் என்றால், இரண்டு உலோக முகங்களுக்கு நடுவே கசியாமல் இருக்க வெட்டி வைக்கிற தடித்த காகிதம். பம்ப்பை ஆயில் சட்டியில் முக்கிக் கையால் சுற்றினார். இரண்டு வாயும் அழகாகத் துப்பின. எஞ்சினில் உள்ள துளைகளில் சிரிஞ்சால் ஆயிலைப் பீய்ச்சினார். போக வேண்டிய இடத்துக்குப் போனது.

தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் ஒழுங்கு. சேர்த்தால் ஓடாது.

இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டார். ஷிப்டில் குமாஸ்தா ஏதோ கேட்க, "பம்ப் நல்லாத்தான் இருக்கு" என்று பதில் சொன்னார். குமாஸ்தா கேட்டது டீ வேண்டுமா என்று. உண்மையைச் சொன்னால், மூன்று வருஷத்தில் அவர் அவ்வளவு சுறுசுறுப்பாக இருந்ததில்லை. வீட்டுக்குப் போக ஒரு காரணம் இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம், பூட்டிவிடலாம் என்று புது பேக்கிங் வெட்ட உட்கார்ந்தார். பம்ப்பைக் காகிதத்தின் மேல் வைத்தார். அளவு பார்க்கப் பழைய பேக்கிங்கைப் பக்கத்தில் வைத்தார். பம்ப்பின் முகத்தில், போல்ட் ஓட்டைகள் போக, ஆயில் ஓட்டைகள் நாலு. பேக்கிங்கில் மூன்று.

மறுபடி எண்ணினார். மூன்றுதான்.

அடியில் வடிகிற ஆயிலை பம்ப் உறிஞ்ச வேண்டிய அந்த ஓட்டை வெட்டப்படவே இல்லை. அந்த இடத்தில் காகிதம் லேசாக உள்ளே குழிந்திருந்தது. பம்ப் உறிஞ்சு உறிஞ்சென்று உறிஞ்சியிருக்கிறது, காகிதம் விட்டுக்கொடுக்கவில்லை.

"அடப்பாவி மனுஷா" என்று வாய்விட்டுச் சொன்னார். எட்டு மாதம் வைத்திருந்து செய்த வேலை இது. பட்டறைக்குப் புதிதாக வந்தவன்கூடச் செய்ய மாட்டான். இதை எடுத்துக்கொண்டு போய் முகத்துக்கு நேராக நீட்ட வேண்டும் என்று ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அப்போதுதான் அது கண்ணில் பட்டது.

பேக்கிங்கைக் கத்தியால் வெட்டுவதில்லை. காகிதத்தை உலோகத்தின் மேல் விரித்து, உருண்டை மண்டைச் சுத்தியால் விளிம்பில் மெல்லத் தட்டினால் அது தானே வெட்டுப்படும். ஓட்டைக்கும் அப்படித்தான். நாலாவது ஓட்டைக்கு நேரே ஒன்றும் இல்லை; ஆனால் பக்கத்தில், இரண்டு நூல் தள்ளி, பிறை பிறையாகச் சுத்தியின் தடங்கள். ஒன்றல்ல, ஏழெட்டு. ஒன்றின் மேல் ஒன்று. மறந்து விட்ட ஓட்டை இல்லை அது. தேடித் தேடித் தட்டியிருக்கிறார், கிடைக்கவில்லை, கிடைத்துவிட்டதாக நினைத்து விட்டுவிட்டார்.

வால்வு எழுந்து போய் எஞ்சினைப் புதிதாகப் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார். ஸ்க்ரூத் தலைகள் சிலது நழுவி நழுவிக் கிழிந்திருந்தன. ஒரு போல்ட் கோணலாக ஏறியிருந்தது. ஓரங்களில் பசை விரலால் வழித்துத் தடவியதுபோல இருந்தது. அரை நூல் தள்ளியிருந்தால் தூங்காத மனுஷன் செய்த வேலை.

முகத்துக்கு நேரே பார்த்துக்கொண்டு "யாரு?" என்று கேட்டது நினைவுக்கு வந்தது. லாரி நினைவுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பட்டறைக்குப் போனார். பேக்கிங் சட்டைப்பையில், இரண்டு அட்டைகளுக்கு நடுவே. பட்டறையில் வண்டி ஒன்றுகூட இல்லை என்பதை அன்றுதான் கவனித்தார். சுவரில் ஸ்பேனர்கள் அளவு வாரியாக வரிசை பிசகாமல் தொங்கின. மச்சான் ஸ்டவ் பக்கத்தில் நின்றிருந்தார்.

"யாரு?"

"நான்தான், மச்சான்."

"வாங்க மாப்பிள்ளை. வண்டி எப்படி? உட்காருங்க, டீ போடுறேன்." ஸ்டூலைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டு வால்வு உட்கார்ந்ததும், "ஸ்டூலை நகர்த்திட்டீங்களா? போகும்போது பழைய இடத்துலயே வச்சிடுங்க" என்றார் மச்சான். டீயை ஊற்றும்போது அவருடைய சுண்டுவிரல் டம்ளருக்குள் இருந்தது. சூடு விரலைத் தொட்டதும் ஊற்றுவதை நிறுத்தினார்.

வால்வு வீட்டிலிருந்து கிளம்பும்போது நூறு வார்த்தை கோத்து வைத்திருந்தார். அதையெல்லாம் விட்டுவிட்டு அட்டையைப் பிரித்து, பேக்கிங்கை எடுத்து, மச்சானின் உள்ளங்கையில் வைத்தார்.

"என்னது இது?"

மச்சானின் கட்டைவிரல் காகிதத்தின் விளிம்பைச் சுற்றி வந்தது. ஒரு சுற்றிலேயே என்னவென்று தெரிந்துவிட்டது; முகத்தில் தெரிந்தது. விரல் உள்ளே நகர்ந்தது. ஒரு ஓட்டை. இரண்டு. மூன்று. பிறகு விரல் தேடியது. அங்கே போனது, இங்கே வந்தது. சுத்தித் தடங்களின் மேல் வந்து நின்றது. நின்றே விட்டது.

"எஞ்சின் போச்சா?"

"போகலை. உடனே அணைச்சிட்டேன்."

"மூடியைத் திறந்து பார்த்தியா?"

"பார்த்தேன்."

"அப்ப சரி." முப்பது வருஷத்துக்கு அப்புறம் "நீ" என்று பேசியதை அவரும் கவனிக்கவில்லை, இவரும் கவனிக்கவில்லை. "அப்ப சரிடா. நான் செத்தேன்னு நினைச்சேன்."

"எவ்வளவு நாளா மச்சான்?"

மச்சான் கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எட்டு வருஷம் இருக்கும். முதல்ல ஓரமெல்லாம் இருட்டிச்சு. இப்ப ஒரு குழாய்க்குள்ள பார்க்கிற மாதிரி நடுவுல மட்டும் கொஞ்சம். அதுவும் புகை மூட்டமா இருக்கு."

"எட்டு வருஷமா? அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி என் வண்டிய நீங்கதானே பிரிச்சீங்க? நல்லாத்தானே இருந்துச்சு?"

மச்சான் பேக்கிங்கை இரண்டாக மடித்தார், மறுபடி நீவிவிட்டார்.

"அது நான் வெட்டினது இல்லை. சின்னவ வெட்டினது."

சின்னவள் என்றால் அவர் தங்கை. வால்வின் மனைவி.

"வியாழக்கிழமை வியாழக்கிழமை இங்க வருவாளே, அண்ணனைப் பார்க்கிறேன்னு. வந்து உட்கார்ந்து அந்த வாரத்து பேக்கிங் எல்லாம் வெட்டிக் குடுப்பா. ஸ்க்ரூவைப் பிரிச்சு டப்பாவுல போடுவா. பொறி விடுற பாயின்ட்டுக்கு எவ்வளவு இடைவெளின்னு பார்த்துச் சொல்வா. என்னைவிட நல்ல கை அவளுக்கு. அவ போனதுக்கப்புறம் வந்த வேலையெல்லாம் ஒண்ணொண்ணாத் திருப்பி அனுப்பிட்டேன். உன் வண்டியை மட்டும் எப்படி வேணாம்னு சொல்றது? சொன்னா ஏன்னு கேட்பியே. எட்டு மாசம் தடவித் தடவிச் செஞ்சேன்."

வால்வுக்கு நினைவிருந்தது, வியாழக்கிழமைகளில் அவள் கையில் மண்ணெண்ணெய் வாடை வரும். ஒருமுறை கேட்டதற்கு, "பட்டறையில உட்கார்ந்துட்டு வந்தா மல்லிகைப்பூ வாசமா வரும்?" என்று சிரித்தாள். அவரும் சிரித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். ஐந்து வருஷம். ஒரே வீட்டில், ஒரே தட்டில் கை நனைத்தவர்கள்.

"என்கிட்ட ஏன் சொல்லலை அவ?"

"சத்தியம் வாங்கிட்டேன். உனக்குத் தெரிஞ்சா கையோட ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருப்பே. அவங்க பட்டறையை மூடச் சொல்லுவாங்க. அவளும் டாக்டரைப் பாருங்க, டாக்டரைப் பாருங்கன்னு தொணதொணன்னுதான் இருந்தா. அடுத்த மாசம், அடுத்த மாசம்னு நான்தான் இழுத்தடிச்சேன். அதுக்குள்ள அவளே போயிட்டா."

வால்வு எழுந்து வெளியே போய்ச் சுவரோரம் நின்றார். இறந்தவள் மேல் கோபப்படுவது எவ்வளவு கொடுமையான காரியம் என்பது அங்கே நின்றபோதுதான் தெரிந்தது. சண்டை போட ஆள் இல்லை. "ஏன் சொல்லலை" என்று கேட்டால் அவள் ஏதாவது வக்கணையாகச் சொல்லியிருப்பாள். கோபம் அரை மணி நேரத்தில் கரைந்திருக்கும். இப்போது அதை அவரே வைத்துக்கொண்டு கரைக்க வேண்டும். அவள் அந்த ஸ்டூலில் குனிந்து, நாக்கை உதட்டோரம் கடித்துக்கொண்டு, சுத்தியால் மெல்லத் தட்டிக்கொண்டிருப்பதை நினைத்துப் பார்க்க முயன்றார். அவர் ஒருநாளும் பார்த்திராத காட்சி. அவருடைய மனைவிதான், ஆனால் அவருக்குத் தெரியாதவள்.

உள்ளே திரும்பி வந்தபோது மச்சான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்.

"நாளைக்கு ஆஸ்பத்திரி போறோம்" என்றார் வால்வு.

"போய் என்ன ஆகப்போகுது?"

"போறோம்."

போனார்கள். கண் ஆஸ்பத்திரியில் காலையிலிருந்து மாலை வரை ஒவ்வொரு அறையாக உட்கார வைத்தார்கள். டாக்டர் அம்மா வயதில் சின்னவர், ஆனால் பூசி மெழுகாமல் பேசினார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போயிருக்கிறது. போன பார்வை திரும்பாது. இருக்கிற கொஞ்சத்தைக் காப்பாற்றலாம். தினமும் சொட்டு மருந்து, தவறவே கூடாது. "ஏழெட்டு வருஷத்துக்கு முன்னாடியே வந்திருக்கலாமே?" என்று கேட்டார்.

போனில் படமெடுத்து அனுப்பிய டாக்டர் சீட்டைப் பார்த்ததும் வெளியூரில் இருக்கும் மச்சானின் மகள் போனில் அழுது தீர்த்துவிட்டாள். "அப்பாவை நான் கூட்டிட்டுப் போறேன் மாமா. இத்தனை நாள் எல்லாரும் மறைச்சிட்டீங்க" என்றாள். எனக்கே தெரியாதம்மா என்று சொல்ல வாயெடுத்த வால்வு, "சரிம்மா" என்று மட்டும் சொன்னார்.

அவள் வருவதற்கு முந்தின நாள், மச்சானை பம்ப் ஸ்டேஷனுக்கு அழைத்து வந்தார். "கிளம்புறதுக்குள்ள இதை முடிச்சிடணும்" என்று மச்சான்தான் பிடிவாதம் பிடித்தார். புது பேக்கிங்கை வால்வு வெட்டினார். அவருக்குச் சுத்தி பிடிக்கவே வரவில்லை. இரண்டு காகிதம் கிழிந்தது.

"அடிக்காதே. தட்டு. கதவு தட்டுற மாதிரி இல்லை, தூங்குற குழந்தையைத் தட்டுற மாதிரி."

மூன்றாவது காகிதம் தேறியது. மச்சான் அதை வாங்கி விரலால் எண்ணினார். நாலும் இருந்தன. எண்ணி முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினார். பம்ப் ஏறியது, வால்வு நேராக ஏற்றிவிட்ட போல்ட்டுகளை மச்சானே முறுக்கினார், அதற்குக் கண் தேவையில்லை. புது ஆயில் ஊற்றி, வால்வு கிக்கரை மிதித்தார். மூன்றாவது மிதியில் எஞ்சின் பிடித்தது.

"மூடியைத் திற" என்று கத்தினார் மச்சான்.

திறந்தார். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு குழாய் நுனியில் ஒரு குமிழி வந்து உடைந்தது. அப்புறம் ஒரு துப்பல். அப்புறம் விடாமல் துப்பித் துப்பி, தேன் நிறத்தில், ஆயில் திரும்பி வந்தது. வால்வு மச்சானின் கையைப் பிடித்து டேங்க்குக்குள் விட்டார். மச்சானின் விரல் மேல் ஆயில் பட்டுப் பட்டு வழிந்தது. அவர் கையை எடுக்கவே இல்லை. முகத்தில் சிரிப்பா அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி ஒன்று ஓடியது. புகை நின்று, சத்தம் சீராகி, வெகுநேரம் கழித்துத்தான், "போதும், அணைங்க மாப்பிள்ளை" என்றார்.

மறுநாள் மகள் வந்து கூட்டிக்கொண்டு போனாள். பட்டறை மூடப்பட்டது. ரயில் நகரும்போது மச்சான் ஜன்னல் வழியே கையாட்டினார். வால்வு நின்ற இடத்துக்கு இல்லை, நாலு அடி தள்ளி நின்ற யாரோ ஒருவருக்கு. அந்த ஆள் குழம்பிப்போய் பதிலுக்குக் கையாட்டினார்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு வாராந்திர விடுமுறையில், வால்வு வண்டியை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனார். நாலு மணி நேரம். ஐந்தாவது மாடியில் வீடு. சுத்தமான, வெளிச்சமான வீடு. சொட்டு மருந்து நேரம் தவறாமல் நடக்கிறது என்று மகள் சொன்னாள். மச்சான் வெள்ளைச் சட்டை போட்டு, நகத்தில் கறுப்பு இல்லாமல், விருந்தாளி மாதிரி சோபா நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு சுத்து போகலாமா?" என்றார் வால்வு.

லிப்டில் இறங்கி வந்து மச்சான் பின் சீட்டில் ஏறினார். அவள் போன பிறகு அந்தச் சீட்டில் யாரும் உட்கார்ந்ததில்லை. பாரம் ஏறியதும் வண்டி லேசாகத் தாழ்ந்ததை வால்வு முதுகில் உணர்ந்தார். குடியிருப்பைச் சுற்றி மூன்று சுற்று. எஞ்சின் சத்தத்தில் பேசினாலும் கேட்காது. மூன்றாவது சுற்றில் மச்சான் நெற்றியை அவர் முதுகில் சாய்த்துக்கொண்டார். இறங்கும்போது, "அடிக்கடி வாங்க" என்றார். "வர்றேன்" என்றார் வால்வு. நாலு மணி நேரப் பாதை எவ்வளவு அடிக்கடி என்பது இருவருக்கும் தெரியும்.

திரும்பும் வழியில் பாதித் தூரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு மூடிய கடையின் முன்னால் ஒதுங்கி நின்றார். எஞ்சின் சூட்டில் மழைத்துளிகள் விழுந்து ஆவியாகிக்கொண்டிருந்தன. கசிவு இல்லை, புகை இல்லை. இனி வீட்டுக்குப் போய் அவிழ்த்துப் பார்க்க ஒன்றும் இல்லை. அந்த ஒரு வாரம், கை முழுக்கக் கறுப்போடு, அடுத்து எதைத் திறந்து பார்ப்பது என்று யோசித்துக்கொண்டே தூங்கப்போன நாட்கள்தான் மூன்று வருஷத்தில் நல்ல நாட்கள் என்று தோன்றியது. மழை ஓயக் காத்திராமல் கிளம்பினார்.

மறுநாள் காலை ஷிப்டுக்கு வந்தபோது குமாஸ்தா ரேடியோவைக் கொஞ்சம் குறைத்தார்.

"நேத்து ஆளையே காணோமே, எங்க போயிருந்தீங்க?"

"மச்சானைப் பார்க்கப் போயிருந்தேன்."

"உங்களுக்கு மச்சான் இருக்காரா? சொன்னதே இல்லையே."

"இருக்கார்" என்றார் வால்வு. நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தார். "உங்களுக்கு நேரம் இருந்தா சொல்றேன்."

குமாஸ்தா கடிகாரத்தைப் பார்த்தார். தொட்டி நிறைய இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது. ரேடியோவை அணைத்தார்.